புத்தகத்தில் ஏறாத ஓலை

1

போன வெள்ளிக்கிழமை தபாலில் ஒரு புத்தகம் வந்தது. நீலத் துணி அட்டை, தங்க எழுத்து, முதல் பக்கத்தில் உம்மென்று ஒரு பிஷப் படம். நான் இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை கொட்டும் இந்தக் கரும்புத் தீவில் ஆங்கிலச் சபையின் டயோசீஸ் ஏற்பட்டதன் ஆண்டு நிறைவுக்காக அச்சிட்ட சரித்திரம். டயோசீஸ் என்றால் ஒரு பிஷப்பின் அதிகாரம் செல்லும் எல்லை.

புத்தகம் தலையணை கனம். தமிழ்ச் சபைக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று புரட்டிப் பார்த்தேன். பக்கம் கூட இல்லை, ஒரே ஒரு வாக்கியம். இன்ன பாதிரித் துரை வந்து இறங்கிய பிறகு தமிழ்க் கூலிகளுக்குள் ஒரு சபை தொடங்கப்பட்டது என்று போட்டிருந்தது. நான் எழுதிக் கொடுத்தது பதினான்கு பக்கம். அதற்காகப் போன வருஷம் விடுப்பு எடுத்துக்கொண்டு சென்னைப்பட்டணம் வரை கப்பலேறிப் போனேன். போய் அலைந்ததில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

சாயங்காலம் எஸ்தர் அம்மாள் வந்தார். எங்கள் தகரக் கூரைக் கோயிலின் சாவி அவரிடம்தான் இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயது, தோட்டத்துத் துரைமார் வீடுகளுக்குத் துணி வெளுத்துப் பிழைப்பவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் இங்கே தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார். ஐயர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் பிஷப்பின் அனுமதிச் சீட்டோடு ஜெபப் புத்தகம் வாசிப்பவனும் நானே. பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். மயிலாப்பூர் மாமாக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

“பொஸ்தகம் வந்துடுச்சாமே வாத்தியாரையா. எங்க தாத்தா பேரு போட்டிருக்கா?”

“இல்லைம்மா.”

அவர் கொஞ்ச நேரம் அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி போவட்டும், அது துரைங்க பொஸ்தகம். நம்ம கோயில் பொஸ்தகத்துல இருக்குதுல்ல, அது போதும்.”

அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

2

எங்கள் கல்யாணங்களில் ஓலை வாசிப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உரக்க வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர் இருந்தால் சொல்லலாம் என்று சபையைக் கேட்க வேண்டும். பெண் ஓர் ஊர், மாப்பிள்ளை ஓர் ஊர் என்றால் இரண்டு ஊரிலும் வாசிக்க வேண்டும். அந்த ஊர்க் கோயில் இந்த ஊர்க் கோயிலுக்குச் சீட்டுக் கொடுத்தால்தான் கல்யாணம். வாசித்ததை ஓலைப் புத்தகத்தில் பதிய வேண்டும். யாராவது தகுந்த காரணத்தோடு தடை சொன்னால் அதையும் பதிந்து மேலிடத்துக்கு அனுப்பி, பதில் வரும்வரை கல்யாணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். என் காலத்தில் ஒருவரும் தடை சொன்னதில்லை. தடை உள்ளவர்கள் கல்யாணச் சாப்பாடு முடிந்த பிறகுதான் சொல்வார்கள்.

எஸ்தர் அம்மாளின் தாத்தா பாக்கியநாதன் மயிலாப்பூர்க்காரர். சாந்தோம் பக்கம் பங்களாவில் இருந்த ஒரு ஜட்ஜ் துரைக்குச் சமையல்காரர். துரைக்குத் தீவுக்கு மாற்றலானபோது கோழிக்கூண்டு, பியானோ, பாக்கியநாதன் மூன்றும் ஒரே கப்பலில் வந்து சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை துரை வெள்ளைக்காரர்களின் கல்கோயிலுக்குப் போவார். மத்தியானச் சமையலுக்கு உலை வைத்துவிட்டு இவர் பங்களாவுக்குப் பின்னால் சமையல் கொட்டகையில் தமிழ் ஜெபப் புத்தகத்தை விரித்து வாசிப்பார். கரும்புத் தோட்டத்து ஜனங்கள் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். அவருக்குப் பிரசங்கம் செய்யத் தெரியாது. கூட்டம் கூடியது அதனால்தான் என்பது என் அபிப்பிராயம்.

பிறகு அவருக்கு மயிலாப்பூரில் பெண் பார்த்தார்கள். ஓலை வாசித்த சீட்டு எங்கே என்று அங்கே கேட்டார்கள். இங்கே கல்கோயிலில் போய்க் கேட்டால், உன் பெயர் எங்கள் சபைப் பட்டியலில் இல்லையே என்றார்களாம். மனுஷர் பார்த்தார். கொட்டகையில் எழுந்து நின்று தன் ஓலையைத் தானே வாசித்தார். தடை உண்டா என்று தானே கேட்டார். தானே சீட்டும் எழுதிக்கொண்டு கப்பலேறிப் போய், தாலி கட்டி, பெண்டாட்டியோடு திரும்பி வந்தார்.

இது எஸ்தர் அம்மாள் சொன்ன கதை. உண்மையானால் எங்கள் சபையைத் தொடங்கியவர் எந்தத் துரையும் அல்ல, சமையல்காரர்தான். ஓலை வாசிக்க வேண்டுமானால் கேட்பதற்கு ஒரு சபை வேண்டுமே! டயோசீஸ் சரித்திரத்துக்குத் தமிழ் அத்தியாயம் எழுதித் தரும்படி ஆர்ச்டீக்கன் துரை என்னைக் கேட்டார். பிஷப்புக்கு அடுத்த பெரியவர் அவர். நான் இந்தக் கதையைச் சொன்னதும் அவர் கேட்ட ஒரே கேள்வி, “ரெக்கார்டு இருக்கிறதா?” என்பது.

3

ரெக்கார்டு தேடிச் சென்னைக்குப் போனது போன வருஷம், நாடு சுதந்திரம் அடைந்ததற்கு மறு வருஷம். இருபது வயது மகள் கிரேஸையும் அழைத்துப் போனேன். தாயில்லாப் பெண், தாய்நாட்டையாவது பார்க்கட்டும் என்ற எண்ணம். தியாகராய நகரில் என் தங்கை லில்லி வீட்டில் தங்கினோம். நான் ஊரைவிட்டு வந்தபோது அந்தப் பக்கம் பெரும்பாலும் வெற்று மனை. இப்போது தெருவுக்குத் தெரு மாடி வீடு.

கிரேஸ் வீட்டில் என்னோடு இங்கிலீஷ், வெளியே தீவுக்காரர்கள் பேசும் கிரியோல் என்ற உடைந்த பிரெஞ்சு. தமிழ் என்று அவள் கற்றதெல்லாம் கோயிலில் ஜெபப் புத்தகத்திலிருந்து கற்றது. தீவில் அது போதுமானதாக இருந்தது. கப்பலும் ரயிலும் மாறி வந்து இறங்கிய எக்மோர் ஸ்டேஷன் வாசலில் ரிக்‌ஷாக்காரரைப் பார்த்து அவள் சொன்னாள்:

“ஐயா, எங்களைத் தியாகராய நகருக்குக் கொண்டுபோக உமக்குச் சித்தமுண்டோ?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “இன்னா நைனா, பாப்பா ஜெபம் பண்ணுதா, சவாரி கேக்குதா?”

ஸ்டேஷனே சிரித்தது. கிரேஸ் அன்றைக்கு வாயை மூடியவள், அப்புறம் ஒரு வாரம் இங்கிலீஷைத் தவிர எதுவும் பேசவில்லை. லில்லிக்கு அது அகம்பாவமாகப் பட்டது. “என்னண்ணே, பொண்ணைத் துரைசாணியா வளத்திருக்கியே” என்று அரிசி களைந்தபடியே சொன்னாள். அந்த அரிசிக்கு நாங்கள் வேறு பட்டபாடு இருக்கிறதே! ரேஷன் ஆபீஸில் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நீங்க இந்த ஊரா, அந்த ஊரா?” என்றார்கள். இந்த ஊரில் பிறந்தேன் என்றேன். “அப்ப கார்டு எங்கே?” என்றார்கள். அந்த ஊரில் இருக்கிறேன் என்றேன். “அப்ப அரிசி எதுக்கு?” என்றார்கள். லில்லி வீட்டுக் கார்டு அரிசியில் மூன்று மாதம் பங்குக்குச் சாப்பிட்ட கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை.

பாக்கியநாதனுக்குக் கல்யாணம் நடந்த கோயில் மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. கோயில்பிள்ளை மரியதாஸ் மணியடிக்கிறவர், விளக்கேற்றுகிறவர், பெருக்குகிறவர், எல்லாம் அவரே.

“பயய பொஸ்தகமா? பீரோவுல கீது. ஆனா தொறக்கணும்னா சபை ஆபீஸ் லெட்டர் வோணும் சார். சொம்மா தொறந்தா என் வேல பூடும்.”

சபை ஆபீஸுக்குப் போனேன். தலைமைக் குமாஸ்தா மரியாதையாக உட்காரச் சொன்னார். உங்கள் தீவு பிஷப்பிடமிருந்து கடிதம் வேண்டும் என்றார். ஆகாயத் தபாலில் தீவுக்கு எழுதினேன். இரண்டு வாரம் கழித்து ஆர்ச்டீக்கனிடமிருந்து பதில் வந்தது. சென்னை ஆபீஸ் முதலில் கேட்டால் கொடுப்போம், நாமாகக் கொடுப்பது முறையல்ல என்று எழுதியிருந்தார். அதைக் காட்டினேன். நாங்களாகக் கேட்பதும் முறையல்லவே என்றார் குமாஸ்தா.

“சார், நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். போன வருஷம் இங்க சபைகளெல்லாம் ஒண்ணாச் சேந்தாச்சு. நாங்க இப்ப பழைய ஆங்கிலச் சபை இல்லை. உங்க டயோசீஸ் இன்னும் அதேதான். அவங்க எங்களை என்னன்னு நினைக்கிறாங்கன்னு எங்களுக்கே தெளிவாத் தெரியலை. பழைய முத்திரையை எடுத்து வச்சாச்சு. புது முத்திரை செய்யக் கொடுத்திருக்கு. சர்டிபிகேட் கேட்டீங்கன்னா எதைக் குத்திக் கொடுக்கிறது?”

ஐந்து வாரம் போனது. லஸ் முனையில் டிராமுக்கு நின்று நின்று, தெப்பக்குளத்தைச் சுற்றிச் சுற்றி, கச்சேரி ரோட்டில் பழைய பள்ளித் தோழர்களின் வீட்டு எண்ணை மறந்து அசடு வழிந்து, ஒரு காரியமும் ஆகவில்லை. எனக்கு எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல். தீவில் எதற்கெடுத்தாலும், எங்கள் ஊராயிருந்தால் என்று ஆரம்பிக்கிறவன் நான். இப்போது எங்கள் ஊரிலேயே நின்றுகொண்டிருந்தேன், அப்படிச் சொல்லக்கூட வழியில்லை.

4

கடைசியில் காரியத்தை முடித்தது கிரேஸ். ஒரு நாள் வெயிலில் அலைந்து வந்து கோயில் படியில் நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் நேரே மரியதாஸிடம் போனாள்.

“ஐயா, எங்கள்மேல் இரக்கமாயிரும். என் தகப்பன் மிகவும் வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறார்.”

மரியதாஸ் சிரிக்கவில்லை. அவர் தினமும் அந்த வார்த்தைகளுக்கு நடுவே மணியடிக்கிறவர். “அட இன்னாம்மா நீ” என்று மூக்கை உறிஞ்சிவிட்டுச் சாவியை எடுத்தார். “பாத்துக்கோ. ஆனா பொஸ்தகம் வாசப்படி தாண்டக் கூடாது. அது ஆர்டர்.”

கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் புரட்டிய பிறகு கிடைத்தது. பாக்கியநாதன் கல்யாணப் பதிவுக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புத் தாளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். தமிழ் எழுத்து. ஒவ்வொரு வரியும் முடியும்போது மேல்நோக்கி ஏறியிருந்தது. இதுதான் வாசகம்:

‘துரை பங்களாச் சமையற்கொட்டகையில் கூடுகிற தமிழ்ச் சபையார் பதினொரு பேர் முன்பாக மூன்று ஞாயிறு ஓலை வாசித்தேன். தடை சொன்னவர் ஒருவருமில்லை. எழுத்துத் தெரிந்தவர் வேறொருவரும் இங்கே இல்லாதபடியால் என் ஓலையை நானே வாசித்தேன். இதில் தப்பிருந்தால் ஐயரவர்கள் மன்னிக்க வேண்டியது.’

அந்தக் காலத்து மயிலாப்பூர் ஐயர் மன்னித்திருக்கிறார். ‘ஏற்கலாம்’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார். தேதியைப் பார்த்தேன். எங்கள் சபையைத் தொடங்கியதாகச் சொல்லப்படும் துரை தீவில் இறங்குவதற்கு ஒன்பது வருஷம் முந்தியது.

மறுநாள் ராயப்பேட்டையிலிருந்து போட்டோ பிடிக்கிற சாயபு ஒருவரை அழைத்து வந்தேன். புத்தகம் வாசற்படிக்கு உள்ளே, அவருடைய முக்காலிப் பெட்டி வாசற்படிக்கு வெளியே. மரியதாஸ் இரண்டு கையாலும் பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு குந்தினார்.

“அசையாதீங்க பாய்” என்றார் சாயபு கறுப்புத் துணிக்குள்ளிருந்து.

“நா அசையல. காத்து அடிக்குது, அத்தச் சொல்லு.”

படத்தை எடுத்துக்கொண்டு வக்கீல் சுந்தரத்திடம் போனேன். பள்ளியில் என் பக்கத்துப் பெஞ்சு. இது இன்ன புத்தகத்தின் நிஜப் படம்தான் என்று ஒரு பிரமாணப் பத்திரம் தயாரிக்க வேண்டும்.

“கப்பல்லேந்து எறங்கி எத்தனை நாளாறது, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? மொதல்ல ஆத்துல காபி சாப்பிடு” என்று உட்கார வைத்தான். படத்தை வாசித்துவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தான். “தன் கல்யாணத்துக்குத் தானே ஆட்சேபம் உண்டான்னு கேட்டுண்டு நின்னிருக்கானே, பேஷ்! கேஸ் உன் பக்கம்தான்டா. எதிராளி யாருன்னு சொல்லு, நோட்டீஸ் விட்டுடலாம்.”

என்னால் சிரிக்க முடியவில்லை. அதுவரை யாரிடமும் சொல்லாததை அவனிடம்தான் சொன்னேன்.

நான் தீவுக்குப் போன வருஷம் கோயிலில் ஒரு நீள நோட்டு இருந்தது. பாக்கியநாதன் ஆரம்பித்த ஓலை நோட்டு. கறையான் அரித்தது போக மீதி. அப்போதிருந்த மேலதிகாரி, அதைக் கட்டம் போட்ட அச்சுப் புத்தகத்தில் பிரதி எடுத்துவிட்டுப் பழசை எரித்துவிடச் சொன்னார். நான் சென்னையில் படித்த ஒழுங்கான ஆசாமி. அச்சுப் புத்தகத்தில் ‘வாசித்த குருவானவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. முதல் பதினேழு ஓலைகளுக்கு அந்தக் கட்டத்தில் போட ஆளில்லை. சமையல்காரர் எப்படிக் குருவானவர் ஆவார்? கட்டத்தைக் காலியாக விட்டால் மேலிடத்தில் கேள்வி கேட்பார்கள். பதினேழையும் விட்டுவிட்டுப் பதினெட்டாவதை ஒன்று என்று எண் போட்டு ஆரம்பித்தேன். நோட்டை எரித்தேன். ஒருவரும் என்னை விட்டுவிடச் சொல்லவில்லை. நானாகத்தான் விட்டேன்.

சுந்தரம் காபித் தம்ளரைக் கீழே வைத்தான். “சமையக்காரர் பேத்தி, அந்தப் பொம்மனாட்டிக்குத் தெரியுமோ?”

“தெரியாது.”

“சொல்லிடுடா. கோர்ட்டுக்கு வேண்டாம், அவகிட்ட சொல்லிடு” என்றான். பிரமாணப் பத்திரத்துக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டான்.

5

தீவுக்குத் திரும்பியதும் படத்தையும் பத்திரத்தையும் வைத்துப் பதினான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். ஆர்ச்டீக்கன் நல்ல மனுஷர்தான். தன் கைப்படப் பதில் எழுதினார். சென்னைச் சபையின் முத்திரை இதில் இல்லை, இருந்தாலும் புதிய சபையின் முத்திரையை நாம் ஏற்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம்தான் என்னைக் கொன்றது. சமையல்காரர் ஓலை வாசிக்க அதிகாரம் பெற்றவர் அல்ல. ஆகவே வாசிக்கப்பட்டது ஓலை அல்ல. ஆகவே அங்கே சபை இருந்ததென்று கொள்ள முடியாது.

படித்துவிட்டு மேஜையைக் குத்தினேன். கை வலித்தது. அப்புறம்தான் உறைத்தது, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பேனாவும் கையுமாக நான் யோசித்ததும் அட்சரம் பிசகாமல் இதேதான். துரையைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் திட்டினேன். தமிழில் திட்டினேன், அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில்.

போட்டோவின் ஒரு பிரதியை எஸ்தர் அம்மாளுக்குக் கொடுத்தேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்த மேலேறும் வரிகளைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “தாத்தா கைதான். பழைய பொஸ்தகத்துலயும் இப்படித்தான் மேல மேல ஏறும்” என்றார். சொல்வதானால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இதற்கு நடுவில் கிரேஸுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தியாகராய நகரில் லில்லி பார்த்து வைத்திருந்த ரயில்வே மாப்பிள்ளையை அவள் அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இவன் ரெமி, துறைமுகத்தில் கஸ்டம்ஸ் குமாஸ்தா, தீவுக்காரக் கிரியோல் குடும்பம். என்னை ‘முசியே’ என்று கூப்பிடுகிறான். நல்ல பையன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். பேரப்பிள்ளைகளோடு எந்த பாஷையில் சண்டை போடுவேன் என்ற கவலை மட்டும் எனக்கு இருக்கிறது. ஓலையைத் தமிழ்க் கோயிலிலும் வாசிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அதற்கு மட்டும் கிரேஸ் ஒத்துக்கொண்டாள்.

6

நேற்று மூன்றாம் ஓலை. வருகிற புதன்கிழமை கல்யாணம். ரெமியின் அம்மா ரம்மில் ஊறவைத்த பழங்கள் போட்ட கேக்கை வெள்ளிக்கிழமையே சுட்டு முடித்துவிட்டார்.

ஐயர் வராததால் என் மகள் ஓலையை நானே வாசித்தேன். வாசிக்கும்போது பாக்கியநாதனை நினைத்துக்கொண்டேன். வழக்கம்போல, தடை அறிந்தவர் யாரேனும் உண்டா என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல நிற்காமல் அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன்.

“எனக்கு உண்டு” என்றார் எஸ்தர் அம்மாள்.

பெண்கள் பக்கம் இரண்டாவது பாயிலிருந்து எழுந்து நின்றிருந்தார். கிரேஸ் முகம் வெளுத்துவிட்டது.

“பொண்ணு மேலயும் குத்தமில்ல, புள்ள மேலயும் குத்தமில்ல. பேரு ஏறப் போற பொஸ்தகம் கொறப் பொஸ்தகம். வெள்ளிக்கெழம அடுப்புல பாலு இருக்குதுன்னு சொல்லிட்டு வாத்தியாரு உள்ள போனாரு, எனக்கு அப்பவே சந்தேகம். மறுநா கோயிலு கூட்டுறப்ப இந்தப் பொண்ணைத்தான் மொத பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். மொத ஓலை தொர வாசிச்சதுன்னு படிச்சுச்சு. எங்க தாத்தா வாசிச்சதெல்லாம் எங்க? அது ஏறாம இது ஏறக் கூடாது. இதான் என் தடை.”

நான் மெதுவாக, “அம்மா, பழைய நோட்டு...” என்றேன்.

“எரிச்சீங்க. தெரியாதா எனக்கு? தீப்பெட்டி எடுத்துக் குடுத்தவ நான். தாத்தா பேரு புதுசுல ஏறிடுச்சான்னு கேட்டேன். ஏறிடுச்சுன்னீங்க. வாத்தியாரு சொன்னா சரின்னு குச்சியைக் கிழிச்சேன்.”

எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவர் கேட்டதும் நான் சொன்னதும், இரண்டும். அவர் சொன்ன பிறகு ஞாபகம் வந்தது. வெயிலில் அவசரமாக, முகத்தைக்கூடப் பார்க்காமல் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். சபை முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. பாட்டுப் பாடாமலே ஆராதனையை முடித்தேன்.

எல்லோரும் போன பிறகு ஓலைப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தேன். கிரேஸ் இங்கிலீஷில் கொதித்தாள். இது ஒரு தடையா, கல்யாணத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், காரணம் தகுதியற்றது என்று ஒரு வரி எழுதினால் புதன்கிழமை கல்யாணம் நடக்கும் என்றாள். அவள் சொன்னது சட்டப்படி சரி. அப்படி எழுத எனக்கு அதிகாரம் உண்டு. எஸ்தர் அம்மாள் சாவிக் கொத்தை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

இந்தப் புத்தகத்தில் ‘தடை’ என்று ஒரு கட்டம் உண்டு. இத்தனை வருஷமாக எல்லாப் பக்கத்திலும் அது காலி. பக்கங்களுக்கு எண் உண்டு, கிழிக்க முடியாது. அதில் எழுதுவதை ஆர்ச்டீக்கன் படித்தாக வேண்டும், படித்ததற்குக் கையெழுத்தும் போட வேண்டும். அவர் எப்போது போடுவாரோ, புதன்கிழமைக்குள் போட மாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

நான் எழுதினேன். சமையற்கொட்டகை, பதினொரு பேர், சீட்டின் வாசகம், மயிலாப்பூர் ஐயர் ‘ஏற்கலாம்’ என்று எழுதியது. விட்டுப்போன பதினேழு ஓலைகளில் எஸ்தர் அம்மாளுக்கு வாய்மொழியாகத் தெரிந்த ஆறு தம்பதிகளின் பெயர்கள். அவற்றை விட்டவன் நான், எரித்தவன் நான், ஏறிவிட்டது என்று பொய் சொன்னவன் நான் என்பதும். கட்டம் போதவில்லை. பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டேன்.

எஸ்தர் அம்மாள் கைநாட்டு வைத்தார். சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும். கிரேஸ் பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கித் தமிழில் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து அவளுடைய தமிழில் சொன்னாள்:

“நான் சாட்சி. ஆனால் ரெமியின் தாயாரிடத்தில் நீரே போய் அறிவியும்.”

“போறேம்மா” என்றேன். எஸ்தர் அம்மாள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மை காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தார்.

“தாத்தா பேரு ஏறிடுச்சா?”

“ஏறிடுச்சும்மா” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை அப்படியே கிரேஸ் பக்கம் திருப்பினார்.

“நீ படி கண்ணு” என்றார்.

கிரேஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கையெழுத்தை எழுத்துக்கூட்டி, முதல் வரியிலிருந்து உரக்க வாசிக்க ஆரம்பித்தாள்.